முந்நூறு பவுண்டுக்குள் ஒரு கில்ட்

கேள்வி: ஏனுங்க, எங்க பையன் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் வேலையில் இருக்கிறான். கூட வேலை பார்க்கிற அந்த ஊர்ப் பையனுக்கு அக்டோபரில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாரும் கில்ட் என்கிற, கட்டம் போட்ட பாவாடை மாதிரியான உடுப்பைக் கட்டித்தான் நிற்கணுமாம். புதுசாக முழு செட் எடுத்தால் ஆயிரம் பவுண்டு பக்கம் வருகிறது, இவனோ முந்நூறுக்கு மேல் ஒரு பைசா போடமாட்டேன் என்கிறான். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? நம்ம ஆள் அதைக் கட்டினால் அங்கே தப்பாக எடுத்துக்கொள்வார்களா? - ஒரு அப்பா, பெருந்துறை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாமுங்க. மாப்பிள்ளையே கட்டச் சொல்லிக் கூப்பிடுகிறார், அப்புறம் யார் தப்பாக நினைப்பது? அந்தக் கட்டம் போட்ட துணிக்கு டார்டன் என்று பேர். நம்ம பக்கம் கூட்டம், குலம் என்கிறோமே, அதுமாதிரி அங்கே கிளான், பல கிளானுக்கும் அவரவர் டார்டன் உண்டு. அதற்காக வெளியாள் கட்டக்கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. பால்மோரல் டார்டன் அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கியது, அதைத் தொட வேண்டாம். ஹன்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா, பிளாக் வாட்ச் எல்லாம் யார் வேண்டுமானாலும் கட்டுகிறவை. கரும்பச்சையும் கருநீலமுமான பிளாக் வாட்ச்தான் பழைய கில்டுகளில் சுலபமாகக் கிடைக்கும், எந்தக் கோட்டுக்கும் ஒத்துப்போகும். ஆனால் அது பிளாக் வாட்ச் என்கிற ஸ்காட்லாந்துப் படையின் டார்டன். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்ற 73-ஆம் ரெஜிமென்ட், 1881-இல் இதே பிளாக் வாட்ச் படையோடுதான் சேர்க்கப்பட்டது. தீரன் சின்னமலை சீமைக்காரருக்கு அது உறுத்தினால் ஹன்டிங் ஸ்டூவர்ட் எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் பச்சைதான்.

வாங்குவதற்கு முன்னால் பையன் மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டுவிடட்டும்: எல்லாரும் ஒரே டார்டனா, அவரவர் இஷ்டமா? ஒரே டார்டன் என்றால் ஒரே கடையில் மொத்தமாக வாடகைக்குச் சொல்லியிருப்பார்கள், பேச்சில்லாமல் அதில் சேர்ந்துகொள்வதுதான் சரி. ஆளுக்குச் சுமார் நூறு பவுண்டில் செருப்பிலிருந்து டை வரை வந்துவிடும். இஷ்டம்போல் என்றால் வாங்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் இருக்கப்போகிறவனுக்கு இன்னும் நாலு கல்யாணம் வரத்தான் செய்யும், மூன்று தரம் வாடகை கொடுத்தால் பழைய செட் ஒன்று சொந்தமாகவே வந்துவிடும்.

காசை எங்கே போடுவது என்பதில்தான் முதல் தடவை வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். மேலே மின்னுகிற சாமான்களில் பாதிப் பணம் போய், கடைசியில் அக்ரிலிக் கில்ட் ஒன்றை வாங்கி வருவார்கள். அது கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாக நூல் கிளம்பி, மடிப்பு குலைந்து, உப்பிக்கொண்டு நிற்கும். பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைத்து வருகிற மலிவான கில்டுகளில் இந்த ரகம் நிறைய உண்டு. புதுக் கம்பளி கில்ட் வாங்க இந்த பட்ஜெட் போதாது. பழைய கம்பளி கில்ட்தான் வழி, அங்கே வாடகைக் கடைகள் கழித்துப்போடுவதும் தர்மக் கடைகளுக்கு வருவதும் உண்டு. தேடினால் நூறு, நூற்றைம்பது பவுண்டில் மாட்டும். 8 கெஜம், கெஜத்துக்கு 13 அவுன்சோ 16 அவுன்சோ எடையுள்ள துணி என்று போட்டிருந்தால் நல்ல சரக்கு.

பழசு வாங்கும்போது நீளத்தைத்தான் முதலில் பார்க்கணும். கில்டின் அடி ஓரத்தை மடித்துத் தைத்திருக்க மாட்டார்கள். தறியிலிருந்து வந்த துணியின் கரையே அங்கே ஓரமாக நிற்கும், தடவிப் பார்த்தாலே தெரியும். அதனால் அடியில் வெட்டவும் முடியாது, பிரித்து இறக்கவும் துணி இருக்காது. இடுப்பு அப்படியில்லை, பக்கிளை நகர்த்தி ஒன்றிரண்டு இஞ்ச் சமாளிக்கலாம். அளவெடுக்க பேண்ட் சைசைச் சொன்னால் கெட்டது, கில்ட் நிற்பது தொப்புள் உயரத்தில். பேண்ட் 34 போடுகிறவருக்கு அங்கே 36, 37 கூட வரும். டேப்பைத் தொப்புளைச் சுற்றிப் பிடித்து ஓர் அளவு, பின்பக்கம் அதிகம் அகலமான இடத்தில் ஓர் அளவு, தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை நீளம், இந்த மூன்றும் போதும். எடுத்த பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து அந்துப்பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோட்டில் பிரின்ஸ் சார்லி என்பதைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் அதற்கென்று வெயிஸ்ட்கோட்டும் போ டையும் வேணும், சாயங்கால விருந்துக்குத்தான் சரிவரும். கறுப்பு ஆர்கைல் கோட் எடுத்தால் பகல் கல்யாணத்துக்குச் சாதாரண டை, ராத்திரிக்கு போ டை, இரண்டுக்கும் ஒரே கோட். முன்னால் தொங்குகிற ஸ்போரன் பையில், தோலும் முடியும் கலந்த நடுத்தர ரகம் ஒன்று போதும். அப்புறம் வெள்ளையோ சாம்பலோ நீளக் காலுறை, அதில் செருகுகிற ஃபிளாஷ் பட்டி. ஆபீசுக்குப் போடுகிற கறுப்பு ஷூவைப் பாலிஷ் பண்ணிப் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கயிறு சுற்றுகிற கில்லி புரோக்ஸ் பிறகு பார்க்கலாம். காலுறையில் செருகுகிற சின்னக் கத்தியும் இப்போது வேண்டாம்.

கேள்வி: கோவையில் தையல் கடை வைத்திருக்கிறேன். லண்டன் போகிற ஒரு தம்பி கில்ட் தைத்துத் தரச் சொல்கிறார். சென்னிமலையிலோ கரூரிலோ கட்டம் போட்ட துணி எடுத்துத் தைக்கலாமா? - டெய்லர், கோவை

பதில்: பருத்தியில் வேண்டாமுங்க. தையல் உங்களுக்கு வந்துவிடும், துணிதான் ஒத்துழைக்காது. பின்பக்க மடிப்பின் மேல்பகுதியைத் தைத்து, கீழ்ப்பகுதியைக் கம்பளியின் கனமே விழவைக்கணும், பருத்தி ஒரு தரம் உட்கார்ந்து எழுந்ததும் கசங்கிவிடும். அதோடு ஒவ்வொரு மடிப்பையும் டார்டன் கட்டம் முறியாமல் மறுபடி அதே வரிசை வரும்படி பிடிக்கணும், அதனால்தான் ஒரு ஆளுக்கு 8 கெஜம் போகிறது.

நீங்கள் செய்யக்கூடியது கோட். கில்ட் மேலே ஏறி நிற்பதால் சாதாரண கோட் அதன் மேல் நீளமாகத் தொங்கி, ஸ்போரனை மூடிவிடும். பழைய கறுப்புக் கம்பளி கோட் ஒன்றை அடியில் குறைத்து, முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் வளைத்து வெட்டி, வெள்ளி நிறப் பித்தான் வைத்தால் ஆர்கைல் பாணிக்குப் பக்கத்தில் வந்துவிடும். கீழ்ப் பாக்கெட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கத்தரி வையுங்கள், வெட்டும் கோடு பாக்கெட் பைக்குள்ளே போனால் அந்தக் கோட்டை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உள்ளே ஒன்றும் போடக்கூடாது என்கிறார்களே, நிஜமா? - பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: அது அவர்கள் ஊரில் சிரிப்பதற்கென்றே வைத்திருக்கிற கேள்வி, எந்த விதியும் இல்லை. வாடகைக் கில்ட் என்றால் கட்டாயம் போடணும், நேற்று அதை வேறொருவர் கட்டியிருப்பார். சொந்தக் கில்டாக இருந்தாலும் போடுங்கள். கல்யாணத்தில் கெய்லி (ceilidh) என்றொரு கூட்டு ஆட்டம் உண்டு, ஜோடி ஜோடியாகச் சுழற்றிவிடுவார்கள், 8 கெஜமும் குடையாக விரியும்.

முன்மடிப்பின் கீழ் மூலையில் குத்துகிற ஊக்கு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி இரண்டு துணியையும் சேர்த்துக் குத்திவிடாதீர்கள். மேல் துணியில் மட்டும்தான் குத்தணும், சேர்த்துக் குத்தினால் நடக்கிற இழுப்பில் கிழிந்துபோகும்.