சாய்ந்த தடித்த எழுத்து: ஆங்கிலம் பொருந்துகிறது, தமிழ் ஏன் கோணுகிறது?

கேள்வி: எங்கள் கபடிக் குழுவின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜெர்சியில் தடித்த சாய்ந்த எழுத்தில் போட வேண்டும். ஆங்கிலம் நன்றாக வருகிறது. தமிழைக் கோரல் ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் சாய்த்தால் கோணலாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நல்ல ஆங்கில எழுத்துருக்களில் சாய்வையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார். தமிழுக்கு அந்த வேலையை மென்பொருளிடம் விட்டுவிடுகிறோம்.

மென்பொருள் சாய்க்கும்போது, ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரத்துக்கு ஏற்ப வலப்பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு வட்டத்தை அப்படித் தள்ளினால் மேல் வலதும் கீழ் இடதும் பருத்துவிடும். மேல் இடதும் கீழ் வலதும் மெலியும். நேர்க்கோடுகள் மிகுந்த ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இது அவ்வளவாகத் தெரியாது. ண, ன, ஞ என்று சுழி நிறைந்த தமிழில் உடனே கண்ணை உறுத்தும். தடிமன் கூடக்கூட சுழியின் உள்வெளியும் அடைபடும்.

இந்தப் பாணிக்கு நல்ல பாடம் ஃபியூச்சரா என்ற ஆங்கில எழுத்துரு. ஜெர்மானியரான பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் வெளிவந்தது. அதன் தடித்த சாய்ந்த வடிவத்தை அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் 1980-களிலிருந்து கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளையாகப் பதித்து வந்தார். சுப்ரீம் என்ற ஆடை நிறுவனத்தின் சிவப்புப் பெட்டி முத்திரையும் அதே குடும்பம்தான். சில சொற்கள், பெரிய அளவு, பளிச்சென்ற பின்னணி: இந்த எழுத்தின் பலம் முழுக்க அதில்தான். ஸ்பான்சர் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையெல்லாம் இதில் அடிக்கவே வேண்டாம், நேர் எழுத்தே போதும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு, ஃபியூச்சரா சாயலில் இலவசமாகக் கிடைக்கும் ஜோஸ்ட் எழுத்துருவின் சாய்ந்த வடிவத்தையே எடுங்கள், நேர் எழுத்தைச் சாய்க்காதீர்கள். தமிழுக்கு கேட்டமரான் என்ற எழுத்துரு நல்லது. 9 தடிமன்களில் இருக்கிறது. உச்சத் தடிமனை விட்டு அதற்கு ஒரு படி கீழே எடுங்கள். 10 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம். 10 டிகிரியிலேயே 10 செ.மீ. உயர எழுத்தின் தலை ஏறக்குறைய 1.8 செ.மீ. நகர்ந்துவிடும். ஆங்கிலத்தின் சாய்வும் முதுகு எண்ணின் சாய்வும் தமிழோடு ஒத்துப்போகட்டும்.

அப்புறம் எழுத்தைக் கர்வாக (திருத்தக்கூடிய வளைகோடுகளாக) மாற்றி, அந்தக் கோடுகளை நகர்த்தும் ஷேப் டூலால் பருத்த இடங்களைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள், மெலிந்த இடங்களைத் தடிக்க வையுங்கள். பொறுமை கேட்கும் வேலை இது, ஆனால் ஒரு பெயருக்கு ஏழெட்டு எழுத்துதானே. மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளிகளை மறக்காதீர்கள்: உயரத்தில் இருப்பதால் அவைதான் அதிகம் நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் போய் நிற்கும். அவற்றை அழித்துவிட்டு முழு வட்டமாகப் புதிதாக வரைந்து, சற்று இடப்பக்கம் வையுங்கள்.

துணிக்கு அனுப்பும் முன் அசல் அளவில் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, மைதானத்து ஓரத்தில் நிற்பவர் பார்க்கும் தூரத்திலிருந்து படித்துப் பாருங்கள். சுழிகள் அடைபட்டுத் தெரிந்தால் இன்னும் ஒரு படி மெலிந்த தடிமனுக்கு மாறுங்கள்.