பலருக்கும் தெரியாத, வேடிக்கையான இணையதளங்கள் எவை?

சலிப்பைப் போக்கும் தளங்களைக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சொல்லப் போவதோ, 'சலிப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானது' என்று தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் ஒரு தளத்தை. ரீல்ஸைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் ஓய்ந்த பிறகே இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஜோஷ் வொர்த் என்ற வடிவமைப்பாளர் 2014-இல் வெளியிட்ட 'இஃப் தி மூன் வேர் ஒன்லி ஒன் பிக்சல்' என்பதே அது. 3,474 கிலோமீட்டர் விட்டமுள்ள நிலவைத் திரையின் ஒரே ஒரு பிக்சலாக, அதாவது திரைப் படத்தின் மிகச் சிறிய புள்ளியாக, வைத்துக்கொண்டு, சூரியக் குடும்பம் முழுவதையும் அதே அளவில் பக்கவாட்டில் விரித்திருக்கிறார். அந்தக் கணக்கில் சூரியன் 400 பிக்சல் அகலம். பூமி நான்கு பிக்சல்கூடத் தேறாது. இரண்டுக்கும் நடுவே சுமார் 43,000 பிக்சல் தூரத்திற்கு ஏறக்குறைய முழுவதும் கருமைதான். ஒளியின் வேகத்தில் பக்கம் தானாக நகர்வதற்கும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நொடிக்கு 86 பிக்சல் வீதம் ஊர்ந்து செல்லும்.

அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியரான நான் அந்தப் பொத்தானை ஒன்பதாம் வகுப்பில் அழுத்தினேன். சூரிய ஒளி பூமியை அடைய 8 நிமிடம் 20 நொடி ஆகும் என்று என் மாணவர்கள் தேர்வில் பிழையின்றி எழுதுவார்கள். ஆனால், படங்களில் கோள்கள் கோத்த மணிகளைப் போல நெருங்கி நிற்பதைப் பார்த்தே பழகியவர்களுக்கு அந்த எட்டு நிமிடத்தின் நீளம் பிடிபட்டதே இல்லை. புதன் வருவதற்கே மூன்று நிமிடத்திற்கு மேல் ஆனது; அதற்குள் "சார், நெட் போயிடுச்சு" என்று பின்வரிசையிலிருந்து குரல்கள். வெள்ளியைக் கடந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை உரக்க எண்ணத் தொடங்கினார்கள். பூமி வந்தபோது எழுந்த கைதட்டல் பக்கத்து வகுப்பை எட்டிப்பார்க்க வைத்தது. வியாழன் வரை போகலாம் என்றான் ஒருவன். 43 நிமிடம் ஆகும், அதற்குள் மணி அடித்துவிடும் என்று இன்னொருத்தி கணக்கிட்டுச் சொன்னாள்.

புதனுக்கும் வெள்ளிக்கும் இடையே நாங்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்தார். கறுத்த திரையைப் பார்த்தார், புரொஜெக்டர் பழுதா என்று கேட்டார், நான் தந்த விளக்கத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டு, கணினி வளம் உரியவாறு பயன்படுத்தப்படவில்லை என்று குறிப்பெழுதிச் சென்றார். கோள்கள் பாட்டுப் பாடி ஆடும் காணொளி ஒன்றை ஓட்டியிருந்தால் பாராட்டே கிடைத்திருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் உண்டு.

ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருள்கள் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வானில் எது எங்கே தெரியும் என்று காட்டுவதற்கு அதையே நானும் பயன்படுத்துகிறேன். தொலைவைக் காத்திருக்க வைத்து உணர்த்துவது வேறு வேலை. கோள்கள் இப்படி ஒரே கோட்டில் நிற்பதில்லை என்பதையும் வகுப்பில் சொல்லிவிட்டேதான் தொடங்கினேன்.

இதே குணமுள்ள இன்னொன்று, நீல் அகர்வாலின் நீல்.ஃபன் தளத்தில் உள்ள 'தி டீப் சீ'. கீழே உருட்ட உருட்ட, அந்தந்த ஆழத்தில் வாழும் உயிரினங்கள் தென்படும். எவரெஸ்டைக் கவிழ்த்து வைத்தால் எட்டும் 8,848 மீட்டரைத் தாண்டியும் கடல் முடியாமல், 10,900 மீட்டரையும் சற்றுத் தாண்டிய ஆழத்தில்தான் தரை தட்டும். கண்ணுக்கு ஓய்வு வேண்டுமானால், நெதர்லாந்தில் உருவாகி 2016-இல் வெளிவந்த ரேடியோ கார்டன். பூமி உருண்டையில் ஒரு பச்சைப் புள்ளியைத் தொட்டால், அவ்வூர் வானொலியில் அந்த நேரத்தில் ஒலிபரப்பாவது உங்களுக்கும் கேட்கும்.

இம்மூன்றையும் பார்க்கக் கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை. நிலவுத் தளத்தை மட்டும் கைப்பேசியில் பார்க்காமல் கணினியில் திறந்து பாருங்கள். மேலே உள்ள கோள் குறியீடுகளை அழுத்தித் தாவிச் செல்வதை முதல் முறையாவது தவிர்த்துவிடுங்கள்.