மாதவிலக்கு வலிக்குத் தைராய்டுதான் காரணமா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருவட்டாருக்கு அருகில் வசிக்கிறேன். முந்திரி ஆலையில் வேலை செய்கிறேன். வயதுக்கு வந்த நாளிலிருந்தே விலக்கின் முதல் நாள் வயிற்றுவலி உண்டு. குழந்தை பிறந்த பிறகு குறைந்திருந்த அந்த வலி, இரண்டு ஆண்டுகளாக முன்பைவிடக் கடுமையாகி, விலக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. இரத்தப்போக்கும் அதிகமாகி, கட்டி கட்டியாகப் போகிறது. முடி கொட்டுகிறது, எப்போதும் சோர்வாக இருக்கிறது. ஒரு முகாமில் தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச் இரத்தப் பரிசோதனை செய்ததில் 6.1 என்று வந்தது. தைராய்டைச் சரிசெய்தால் வலியும் நின்றுவிடும் என்கிறார்கள். என் அக்கா சாப்பிடும் தைராய்டு மாத்திரையை நானும் சாப்பிடலாமா? மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) நிறுத்திவிட்டேன், அது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அக்காவின் மாத்திரையைத் தொடாதீர்கள். அது அவருடைய எடைக்கும் அவருடைய பரிசோதனை முடிவுக்கும் ஏற்ப எழுதித் தரப்பட்ட அளவு. உங்களுக்கு அது மிகுதியாகிவிட்டால் நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். அதோடு, மருத்துவரிடம் போகும்போது உங்கள் இரத்தப் பரிசோதனையின் உண்மையான நிலையும் தெரியாமல் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது 6.1 என்ற எண் அன்று. வலியின் போக்கு மாறியிருப்பதுதான். இளம் வயதில் முதல் நாளில் வந்து, இரண்டு மூன்று நாளுக்குள் அடங்கிய வலி பெரும்பாலும் நோயால் வருவதில்லை. கருப்பையின் உள்படலம் உதிரும்போது புரோஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாகச் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிப்பதால் வரும் வலி அது. ஆனால் முப்பது வயதையொட்டி, ஒரு பிரசவத்துக்குப் பிறகு, விலக்குக்கு முன்பே தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் வலியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், அதே திசு கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸ், கருப்பையில் வளரும் நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு) ஆகிய மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாம்பத்திய உறவின்போதோ, விலக்கு நாள்களில் மலம் கழிக்கும்போதோ வலி இருந்தால் அதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். கேட்கப்படாத இந்த இரண்டு விவரங்களால் நோயைக் கண்டறிவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. “பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகும்” என்று நம் வீடுகளில் சொல்லும் ஆறுதலும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

தைராய்டுக்கும் விலக்குக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தால் இரத்தப்போக்கு கூடலாம், சுழற்சி தவறலாம். போக்கு கூடி இரத்தக் கட்டிகள் வெளியேறும்போது வலியும் சற்றுக் கூடும். ஆயினும் நீங்கள் விவரிக்கும் அளவுக்கான வலியை அது மட்டுமே உண்டாக்குவதில்லை. டி.எஸ்.ஹெச் என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறையும்போது அது உயரும். உங்கள் 6.1 என்பது சற்று உயர்ந்த அளவுதான். பெரும்பாலான ஆய்வகங்கள் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு என்று குறிக்கின்றன. இவ்வளவு சிறிய ஏற்றம் பலருக்குத் தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே இரண்டு மூன்று மாத இடைவெளியில் டி.எஸ்.ஹெச்சுடன் ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு), ஆன்டி டி.பி.ஓ (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்) ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள், ஏனெனில் அப்போது மாத்திரை தொடங்கும் அளவுகோல் வேறு.

சோர்வுக்கும் முடி உதிர்வுக்கும் தைராய்டைக் குற்றம் சொல்லும் முன் ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். மாதந்தோறும் இவ்வளவு இரத்தம் இழக்கிற ஒருவருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. பிற்பாடு தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை இரண்டும் எழுதித் தரப்பட்டால் இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி குடியுங்கள்.

மரச்சீனியை நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்களுக்கு அது பொருட்டாவதில்லை. கிழங்கை நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, மீன் குழம்புடன் சாப்பிடுகிற நம் வழக்கம் நல்ல வழக்கமே. நான் கேட்க விரும்புவது உப்பைப் பற்றி. சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களின் கல்லுப்பைத்தான் நம் குமரி மாவட்டத்தில் பல வீடுகள் சமையலுக்கு வாங்குகின்றன. கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கும் என்றும் நம்புகின்றன. நீர் ஆவியாகி விளையும் உப்பில் அது மிகக் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. கல்லுப்பை மீன் உலர்த்த வைத்துக்கொண்டு, சமையலுக்கு அயோடின் உப்பைப் பயன்படுத்துங்கள்.

வலிக்கு இப்போதே என்ன செய்யலாம் என்றால், புரோஸ்டகிளாண்டினைக் குறைக்கும் இப்யூபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் பாரசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்யும். வலி உச்சத்துக்குப் போன பிறகு விழுங்குவதைவிட, வலி தலைகாட்டும்போதே உணவுக்குப் பின் தொடங்கி, மருத்துவர் சொன்ன அளவில் இரண்டு மூன்று நாள் எடுப்பதே பலன் தரும். குடற்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கருத்தரித்திருக்கலாம் என்று ஐயமுள்ளவர்களும் கேட்காமல் எடுக்கக்கூடாது. மெஃபனமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்திருக்கிறது. காய்ச்சலுடன் தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் மெய்யாகவே பலன் தருகிறது. சுக்குக்காப்பி, உளுந்தங்களி இவற்றை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். ஸ்கேன் இயல்பாக இருப்பதாலேயே எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகாது. வலி தொடர்ந்தால் மறுபடியும் போங்கள். விலக்கு வந்த தேதி, வலித்த நாள்கள், ஒரு நாளில் மாற்றிய நாப்கின் எண்ணிக்கை ஆகியவற்றை மூன்று மாதத்துக்குக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் சீட்டு போடும்போதே கேளுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, விலக்கு தள்ளிப்போன நிலையில் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தாலோ இந்தக் குறிப்புக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.