இன்ஜினை அப்புறம் பார்க்கலாம்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கிட் கார்களைப் பற்றி, அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டி (பொருத்தி) ஓட்டுகிற கார்களைப் பற்றி, நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் நான் நினைத்ததைவிட மிக அதிகம். இங்கிலாந்தில் இருக்கிற நம்மவர்களில் இவ்வளவு பேர் ஷெட்டுக்குள் கேட்டர்ஹாம், வெஸ்ட்ஃபீல்ட் மாதிரி ஒரு கிட் காரை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்ததில் அவ்வளவு சந்தோஷம். எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: மாற்றலாமா, அப்படியே வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிட்டு வேறு வாங்கலாமா? நானும் 14 வருஷமாக ஒரு செவன் (கேட்டர்ஹாம் கம்பெனியின் இலேசான, திறந்த இரண்டு சீட் கார்) வைத்திருப்பவன், பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு கேட்டர்ஹாம் செவன் வாங்கினேன் சார், 1.6 லிட்டர். முதல் ஆறு மாதம் சொர்க்கம். இப்போது பவர் போதவில்லை என்று தோன்றுகிறது, மேடு பள்ளத்தில் வேறு குதிக்கிறது. இன்ஜினையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றலாமா, இல்லை 2 லிட்டர் காராகவே வாங்கிவிடலாமா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், டயரில் காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வீட்டுக் காருக்கு 32, 33 பி.எஸ்.ஐ. அடித்துப் பழகிய கை, இந்தக் காருக்கும் அதையே அடித்துவிடும். செவனுக்கு 18லிருந்து 20 போதும். நம் ஊர் ஸ்விஃப்ட்டே 900 கிலோவைத் தொடுகிறது, உங்கள் கார் 550 இருந்தால் அதிகம். இவ்வளவு இலேசான வண்டியில் டயரைக் கல் மாதிரி வைத்தால் அது ரோட்டைப் பிடிக்காது, ரோட்டின் மேல் துள்ளும். நான் வாங்கிய முதல் வருஷம் 28 வைத்து ஓட்டினேன், பின்பக்கம் எப்போது நழுவும் என்று தெரியாமல் ஒவ்வொரு ரவுண்டானாவிலும் பயந்தேன், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதுசுக்கு விலை விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். பக்கத்துத் தெருவில் இதே கார் வைத்திருந்த ஒரு பெரியவர் குனிந்து வால்வ் மூடியைக் கழற்றி, கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் காற்றை இறக்கினார். அன்று சாயந்திரம் ஓட்டியது வேறு கார்.

காற்றைப் பார்க்கும்போதே டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. இந்தக் கார்கள் வருஷத்துக்கு 1000, 2000 மைல் ஓடினால் பெரிசு, அதனால் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். மேலே இருக்கிற பட்டன் (டயரின் வரிகள்) புதுசு போல இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். வாங்கும்போது 'டயர் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் நாலு சக்கரத்தின் மேலும் எவ்வளவு எடை விழுகிறது என்று சரிபாருங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம், இதற்கு ஆகிற செலவைப் போல மதிப்புள்ள செலவு இந்தக் காரில் வேறு கிடையாது என்பது என் கருத்து. பட்டறையில் நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு தராசுத் தட்டு வைத்து, உங்களை சீட்டில் உட்கார வைத்து (ஆள் இல்லாமல் எடுத்த எடைக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் 500 சொச்சம் கிலோ காரில் நீங்கள் 80 கிலோ) ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகித் திருகிச் சரி செய்வார்கள். என் காரில் முன்பக்கம் இடது சக்கரம் 121 கிலோ, வலது 149 என்று காட்டியது. பிரேக் பிடித்தால் இடது சக்கரம் முதலில் லாக் ஆகும், நான் பல மாதம் பிரேக்கைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வேலையை முடித்தபோது 134, 136. மொத்த எடை ஒரு கிராம் மாறவில்லை, பிரேக்கில் ஒரு பாகம் மாற்றவில்லை, கார் நேராக நின்றது.

இதையெல்லாம் செய்தபிறகு பவர் போதுமா போதாதா என்று நீங்களே சொல்லுங்கள். இந்தக் கார்களில் 'பவர் இல்லை' என்று தோன்றுவதற்கு முக்கால்வாசிக் காரணம் நம்பிக்கை இல்லாததுதான். வளைவின் பாதியிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம் என்ற தைரியம் வந்துவிட்டால் 1.6 லிட்டர் தாராளம். கேட்டர்ஹாம் 310 குதிரைத்திறன் உள்ள 620ஆர் என்ற காரையும் விற்றிருக்கிறது, 660 சிசி சுசுகி இன்ஜின் போட்டு 84 குதிரைத்திறன், 440 கிலோ என்று 170 என்ற காரையும் விற்றிருக்கிறது. அந்தச் சின்னதை ஒரு மழை நாளில் ஓட்டிப் பார்த்தேன், இறங்க மனசு வரவில்லை. கியரை மாற்றி மாற்றி இன்ஜினை முழுசாகப் பிழிந்து ஓட்டினாலும் லைசென்ஸ் பத்திரமாக இருக்கிறது.

அதையும் மீறி இன்ஜின்தான் வேண்டும் என்றால், இன்ஜின் தனியாக வராது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். கிளட்ச் தாங்காது, பிறகு கியர்பாக்ஸ், பிறகு பிரேக், சத்தம் கூடிப்போய் பந்தய டிராக் வாசலிலேயே டெசிபல் மீட்டரோடு நிற்பவர் திருப்பி அனுப்புவார் என்பதால் சைலன்சர். ஒவ்வொன்றையும் இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் விபத்து நாளில் கைவிரித்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், பெரிய இன்ஜின் ஏற்கெனவே இருக்கிற காராக வாங்குவதுதான் மலிவு.

கேள்வி: கார் கம்பெனியே காரைப் பூட்டித் தராமல் பாகமாகக் கொடுப்பது எதற்கு? (கொழும்பு வாசகர்)

பதில்: வரிதான் காரணம். அந்தக் காலத்து பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் கிடையாது. லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது அது இப்படித்தான் விற்றது. பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், கழற்றும் முறையை எழுதிக்கொடுத்து 'பின்னாலிருந்து படித்துக்கொள்' என்று விட்டதாக ஒரு கதை சொல்வார்கள். 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று, அதே வருஷம் லோட்டஸிடமிருந்து செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் வாங்கிக்கொண்டது. சலுகை போனபிறகும் 50 வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் பெட்டியில் வாங்கிப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆகவே இன்றைக்கு வரி காரணம் இல்லை, பூட்டுகிற ஆசைதான்.

கேள்வி: என் கணவர் 11 வருஷத்துக்கு முன்னால் எங்கள் கராஜில் தானே பூட்டிய கார் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்குப் பத்து தடவைகூட வெளியே எடுப்பதில்லை. மகளுக்குப் படிப்புச் செலவு வருகிறது, கராஜும் வேண்டும். விற்கலாமே என்றால் முகம் மாறிவிடுகிறது, பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு காரில் அப்படி என்ன இருக்கிறது? (கோவன்ட்ரி வாசகி)

பதில்: சகோதரி, நியாயமான கேள்வி, உங்கள் கணக்கும் சரி. அவர் பக்கத்தையும் சொல்லிப் பார்க்கிறேன்.

கடையில் வாங்கிய காருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றக் காரில் ஏதாவது சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் போவோம். இதில் சத்தம் கேட்டால் அது எந்த போல்ட், அதை எந்த மாதம் முடுக்கினோம், அன்றைக்குக் கராஜில் எவ்வளவு குளிர் என்பதுவரை அவருக்கு ஞாபகம் வரும். 100 மணி நேரத்தில் பூட்டிவிடலாம் என்பார்கள், வேலைக்குப் போகிறவர் சனி ஞாயிறு மட்டும் செய்தால் அது ஒரு வருஷம், இரண்டு வருஷம். அத்தனையும் செய்து அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், வெளியே துருத்துகிற ஒவ்வொரு விளிம்புக்கும் ரப்பர் சுற்றி, பாஸ் ஆகி நம்பர் பிளேட் கைக்கு வந்த நாளை யாரும் மறப்பதில்லை. காரை விற்றால் அதைப் பூட்டிய அந்த மனுஷனையும் சேர்த்து விற்கிற மாதிரி அவருக்கு இருக்கும்.

போன வருஷம் ஒரு நண்பருடைய காரை விற்க உதவிக்குப் போயிருந்தேன். வாங்க வந்தவர் காரைப் பத்து நிமிஷம் பார்த்தார். ஃபைலை ஒரு மணி நேரம் பார்த்தார். தானே பூட்டியதற்குச் சான்றாக எடுத்த போட்டோக்கள், ரசீதுகள், ஒயரிங்கைப் பென்சிலால் வரைந்த தாள்கள் எல்லாம் அதில் இருந்தன. டீ ஆறிப்போயிற்று. ஒரு போட்டோவைக் காட்டி, 'இந்த பிராக்கெட் எதற்கு?' என்று அவர் கேட்க, நண்பர் எழுந்து காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துக் காட்டினார், வந்தவரும் பக்கத்தில் படுத்துவிட்டார். இரண்டு பேரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. விலை பேசி முடிந்தபிறகு நண்பர் ஒன்றே ஒன்று கேட்டார், அடுத்த எம்.ஓ.டி. (வருஷா வருஷம் நடக்கிற வண்டிப் பரிசோதனை) முடிந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் என்று. போன் வந்தது என்று அவர் என்னிடம் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

அதனால் 'விற்றுவிடு' என்று சொல்லாமல், 'யார் கைக்குப் போனால் உங்களுக்குப் பரவாயில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். ஃபைலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பணத்திலும் அது உதவும், நல்ல ஃபைல் இருக்கிற காருக்கும் இல்லாத காருக்கும் விலை வித்தியாசம் நிஜமாகவே உண்டு. அவர் அந்த ஃபைலைப் புரட்ட ஆரம்பித்து, மறுநாள் காரை வெளியே எடுத்து ஓட்டப் போய்விட்டால், அதுவும் ஒரு பதில்தான். அப்போது படிப்புச் செலவுக்கு இரண்டு பேரும் வேறு வழி பேசுங்கள்.

கேள்வி: மலிவாக ஒரு கிட் கார் பார்த்தேன் அண்ணா, நம்பர் பிளேட் கியூ (Q) என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது. வாங்கலாமா? (ஸ்லவ் வாசகர்)

பதில்: வாங்கலாம், மலிவாக இருந்தால் மட்டும். காரின் வயதையோ மூலத்தையோ உறுதியாகச் சொல்ல முடியாதபோது, பழைய பாகங்களைக் கலந்து பூட்டியிருக்கும்போது, கொடுப்பது கியூ பிளேட். அது கடைசிவரை அப்படியே இருக்கும், மேலே ஃபேன்சி நம்பர் போடவும் விட மாட்டார்கள். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. விற்கும்போது நீங்கள் கேட்ட இதே கேள்வியை அடுத்தவரும் கேட்பார், அதை இப்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாருதி இன்ஜினை வைத்து நானே ஒரு செவன் பூட்டி ரோட்டில் ஓட்டலாமா? (கோவை வாசகர், கல்லூரி மாணவர்)

பதில்: ரோட்டில் முடியாது தம்பி. தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிரிட்டனில் இருப்பதுபோல, வீட்டில் பூட்டிய ஒற்றைக் காரைக் கொண்டுபோய்ப் பாஸ் செய்துவரும் சுலபமான வழி நமக்கு இல்லை. ஆனால் நீங்கள் இருக்கிற ஊரைப் பாருங்கள். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் பந்தயக் கார் செய்த கரிவர்தன் உங்கள் ஊர்க்காரர், செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரில்தான் இருக்கிறது. டிராக்குக்கு டிரெய்லரில் கொண்டுபோகிற காருக்கு நம்பர் பிளேட் தேவையில்லை. பந்தயம் நடக்கிற சனி ஞாயிறில் போய், ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமா என்று ஒவ்வொரு டீமிடமும் கேளுங்கள்.

கேள்வி: வயது 57, உயரம் ஆறடி, வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒன்பது வருஷமாக வைத்திருக்கிற செவனுக்குள் ஏறி இறங்குவதே பாடாக இருக்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு மாறினால் துரோகமா? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

பதில்: துரோகம் எல்லாம் இல்லை. மாற்றுவதற்கு முன்னால் இரண்டே இரண்டு விஷயம் செய்து பாருங்கள். ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டுகிற வகைக்கு மாற்றினால் காலை மடக்கி நுழைக்கிற வேலை பாதியாகும். உயரமானவர்களுக்கென்று காரின் தரையைக் கொஞ்சம் கீழே இறக்கித் தருகிறார்கள், அதில் முட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே இடம் கிடைக்கும். 110 மில்லிமீட்டர் அகலம் கூட்டிய எஸ்வி சேசிஸும் இருக்கிறது, செவனிலேயே இருக்க வேண்டும் என்றால் அதற்கு மாறலாம். ஒன்பது வருஷம் ஓட்டியவருக்குக் கார் மேல் அலுப்பு இல்லை, முட்டிதான் பிரச்சினை என்றால் முட்டிக்குத்தான் மருந்து.

அதுவும் சரிவரவில்லை என்றால் எம்எக்ஸ்-5 அருமையான கார், கூரையைத் திறந்து முப்பது செகண்டில் கிளம்பலாம், மனைவியும் கூட வருவார். விற்பதைப் பனிக்காலத்தில் செய்யாதீர்கள், வெயில் தலைகாட்டுகிற ஏப்ரலில்தான் இந்தக் கார்களுக்கு ஆள் வரும். நீங்கள் போட்ட விலை உயர்ந்த பாகங்களுக்கெல்லாம் சேர்த்து விலை கேட்டால் கிடைக்காது, ஒரிஜினல் பாகங்கள் மாடியில் இருந்தால் அவற்றைத் திரும்ப மாட்டி, மற்றதைத் தனியாக விற்றால் கை கடிக்காது. சாவியைக் கொடுக்கும் முன், டயருக்கு 18 பி.எஸ்.ஐ. என்று ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.