பூர்போனுக்குப் போகும் சகோதரிக்கு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. கணவருக்கு 66. என் நாத்தனார் மகள் ரீயூனியன் தீவில் வேலை பார்க்கிறாள். பத்து நாள் வந்து தங்குங்கள் என்று வற்புறுத்துகிறாள். அங்கே எரிமலை இருக்கிறதாமே, அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. கணவருக்கு முழங்கால் வலி. நான் சைவம், அவர் எல்லாம் சாப்பிடுவார். பொங்கலை ஒட்டிப் போகலாமா? என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்? இன்னொன்று: என் கொள்ளுத் தாத்தாவின் தம்பி பூர்போன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பி வரவே இல்லை என்று பாட்டி சொல்வார். அதைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?
— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரி,

இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் பக்கத்திலுள்ள ரீயூனியன் தீவின் பழைய பெயர்தான் உங்கள் பாட்டி சொன்ன பூர்போன். உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதத் துடித்தேன். ஆனால் பயத்தைப் போக்காமல் அங்கே போனால் உங்கள் மனம் எதிலும் ஒட்டாது. அதனால் எரிமலையிலிருந்தே தொடங்குகிறேன்.

தீவின் எரிமலைக்குப் பித்தோன் த லா ஃபுர்னேஸ் என்று பெயர், அதாவது உலைச் சிகரம். உயரம் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டாவை விட ஐந்தே மீட்டர் குறைவு. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கு மேல் பொங்கியிருக்கிறது. இதைப் படித்ததும் பயம் கூடும், தெரியும். ஆனால் எரிமலைகளிலும் குணபேதம் உண்டு. திடீரென்று வெடித்துச் சாம்பலை ஊர்மேல் கொட்டும் ஜாதி ஒன்று. பால் பொங்கி வழிவதைப் போல உருகிய பாறைக் குழம்பு வழிந்தோடும் ஜாதி இன்னொன்று. இது பெரும்பாலும் இரண்டாவது ஜாதி. குழம்பு அநேகமாக ஆள் குடியில்லாத ஒரு பெரும் பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடல் பக்கமாக இறங்கிவிடும். மலையின் ஒவ்வொரு அசைவையும் பூர்-முய்ரா என்ற ஊரிலுள்ள ஆய்வகம் இரவு பகலாகக் கவனிக்கிறது. சந்தேகம் வந்தால் பள்ளத்துக்குள் இறங்கும் வாசலைப் பூட்டிவிடுவார்கள். பொங்குகிறது என்று செய்தி வந்தால் அந்தத் தீவு மக்கள் ஓடி ஒளிவதில்லை. பிள்ளைகுட்டிகளோடு, போர்வையும் சோற்றுப் பாத்திரமுமாகப் பார்க்கக் கிளம்புகிறார்கள்.

ஆசிரியையான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தீவுக்கு அடியில் கொதிக்கும் ஊற்றுதான், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் தக்காணப் பீடபூமியின் கருங்கல் அடுக்குகளைக் கொட்டியது என்று புவியியலார் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஊற்று ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. மேலே இருந்த நிலம் வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. வழியில் மாலத்தீவின் அடித்தளம், பிறகு மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்த பாறையும், நீங்கள் அங்கே மிதிக்கப்போகும் பாறையும் ஒரே உலையில் வார்த்தவை.

எப்போது போவது? பொங்கல் வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் பருவம், ஜனவரி அதன் நடுமையம். 1966 ஜனவரியில் அந்தத் தீவின் மேட்டுப் பகுதி ஒன்றில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நம் புதுச்சேரியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் குளிரும் வெயிலும் நமக்குத் தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை வறண்ட, இதமான காலம். திமிங்கலங்கள் குட்டி ஈனக் கரையோரம் வருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. என்னைக் கேட்டால் தீபாவளியை ஒட்டிப் போங்கள். அதுவும் அக்டோபரில் தீபாவளி வரும் வருடமாக இருந்தால் மிகவும் நல்லது. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே வறண்ட பருவம் முழுதாக முடிந்திருக்காது. சேன்-ஆந்த்ரே நகரில் தீபாவளியை ஊர்வலமும் விளக்குமாக நகரமே கொண்டாடுகிறது. தமிழ் பேசத் தெரியாத தமிழர்கள் பட்டுப்புடவை கட்டி விளக்கேற்றுவதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துவிடும். எனக்கு அடைத்தது.

எரிமலைக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள், விடிவதற்குள் கிளம்புங்கள். இதை மட்டும் எனக்காகக் கேளுங்கள். நான் போன முதல் நாள் காலை உணவு முடித்து நிதானமாகக் கிளம்பினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் ஏறிவிட்டது. வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நான்கு மணிக்குக் கிளம்பினேன். சேன்-பியேர் பக்கமிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். முதலில் பசும்புல் மேடுகளும் மாடுகளும் வரும். பிறகு ஒரு வளைவு திரும்பியதும் எல்லாம் நின்றுவிடும். கீழே செம்பழுப்பு மணல்வெளி, ஒரு மரம் இல்லை, ஒரு பறவை இல்லை, நடுவே ஒற்றைப் பாதை. அதுதான் மணற்சமவெளி. அதைக் கடந்தால் பா த பெல்கோம்ப் என்ற விளிம்பு, சுமார் 2,300 மீட்டர் உயரம். அங்கே வண்டியிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடந்தாலே எரிமலை எதிரே நிற்கும். உங்கள் கணவர் முழங்காலுக்கு இது போதும். பள்ளத்துக்குள் இறங்க நூற்றுக்கணக்கான படிகள், செங்குத்து. அவர் இறங்க வேண்டாம். நீங்களும் ஆசைப்பட்டு இறங்கி அவரை மேலே தனியே காத்திருக்க வைக்க வேண்டாம். விளிம்பிலிருந்தே பள்ளத்தின் நடுவே ஃபோர்மிக்கா லேயோ என்ற குட்டிக் கூம்பு தெரியும், எறும்பு கட்டிய மண்மேடு போல. கையில் ஸ்வெட்டரும் தலைக்குக் குல்லாயும் கட்டாயம். விடிகாலையில் ஊட்டி டிசம்பர்தான்.

இன்னொரு நாள், தென்கிழக்குக் கரையோர நெடுஞ்சாலை. குழம்பு மலையிலிருந்து இறங்கிக் கடலைத் தொட்ட தடங்களைச் சாலையே வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு தடத்தின் அருகிலும் ஆண்டு எழுதிய பலகை. பழைய தடத்தில் மரம் நிற்கும், அடுத்ததில் பெரணி, புதியதில் சாம்பல் நிறப் பாசி மட்டும். ஒன்றுமில்லாத கரும்பாறையில் உயிர் எந்த வரிசையில் வந்து குடியேறுகிறது என்பதைக் காரில் உட்கார்ந்தபடியே படித்துவிடலாம். 2007 ஏப்ரலில் வந்த பெருங்குழம்பு கடலுக்குள் பாய்ந்து தீவுக்குப் புது நிலத்தையே சேர்த்தது. அந்த வருடம் உச்சியிலிருந்த வாய் சில நாள்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே சரிந்தது.

அதே சாலையில் சாந்த்-ரோஸ் பகுதியில் ஒரு மாதா கோயில். 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான பள்ளத்துக்கு வெளியே பிளந்துகொண்டு அந்த ஊருக்குள் வந்தது. ஊரை முன்பே காலி செய்துவிட்டார்கள். வீடுகளை விழுங்கிய குழம்பு கோயில் வாசல் வரை வந்து, இரண்டாகப் பிரிந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு உறைந்துவிட்டது. இன்றும் அந்தக் கருங்குழம்பு சுவரோடு ஒட்டி நிற்கிறது. குழம்பு மாதா என்றே அந்தக் கோயிலை அழைக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் ஊரிலிருந்து போகிற நீங்கள், அந்த வாசலில் நிற்பவர்களின் முகத்தைப் புரிந்துகொள்வீர்கள்.

தீவின் நடுவே மலைகள் சரிந்து உண்டான மூன்று பெருங்கிண்ணங்கள் இருக்கின்றன: சிலாவோஸ், சலாஸி, மாஃபாத். இவற்றையும் சிகரங்களையும் 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிலாவோஸ் சாலைக்கு நானூறு வளைவுகள் என்று பெயர். வயிற்றைப் புரட்டும். விட்டுவிடுங்கள். சலாஸி போங்கள், சாலையோரத்திலேயே அருவிகள், எல்-பூர் கிராமத்தில் வண்ண மர வீடுகள், எங்கே பார்த்தாலும் பந்தலேறிய சௌசௌ கொடி. மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. இன்றும் நடந்துதான் போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். செலவு அதிகம்தான். ஆனாலும் நடக்க முடியாத உங்கள் கணவருக்கு அந்தத் தீவை முழுதாகக் காட்ட வேறு வழியில்லை. கடையில் வாங்கும் நினைவுப் பொருள்களைக் குறைத்துக்கொண்டு அவரை ஒருமுறை ஏற்றிவிடுங்கள். அதுவும் காலையில்தான்.

கடல் உங்களுக்குப் புதிதல்ல. ஒரே எச்சரிக்கை: சுறா தாக்குதல்கள் நடந்ததால், பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நீரிலும் காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்க அனுமதி.

இனி சாப்பாடு. அங்கே சாப்பாட்டுக்குப் பெயரே கரி. சோறு, மேலே வேகவைத்த பயறு, பக்கத்தில் கறி, ஓரத்தில் ருகாய் என்ற காரத் துவையல். ருகாய் நம் ஊறுகாயிலிருந்து வந்த சொல் என்று சொல்கிறார்கள். சந்தைக்குப் போய்க் காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்கு அவர்கள் சொல் கலுபிலே. கொத்தமல்லி, கொத்தொமிலி. பீர்க்கங்காய், பிப்பங்காய். முருங்கைக் கீரை, பிரெத் முருங். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி போன்றவர்கள் மூட்டையில் கொண்டுபோன சொற்கள் இவை. மொழி போய்விட்டது; சமையற்கட்டில் மட்டும் சொற்கள் தங்கிவிட்டன. சேன்-போல் சந்தை வெள்ளியும் சனிக்கிழமை காலையும் கூடும். சிலாவோஸ் மலையில் விளையும் சிறிய பழுப்புப் பருப்பை அங்கேயே வாங்கிச் சமைக்கச் சொல்லுங்கள். வளைவுகளில் தவித்துப் போகாமலே சிலாவோஸைச் சுவைத்துவிடலாம்.

சைவமான உங்களுக்குக் கீரையும் பயறும் தக்காளி ருகாயும் சௌசௌவும் போதிய துணை. மஞ்சளும் பயறும் உருளைக்கிழங்கும் சேர்ந்த செம்ப்ரோகால் சோறு, நம் வடைக்குத் தங்கை போன்ற போன்போன் பிமோன், வள்ளிக்கிழங்குக் கேக், விக்தோரியா என்ற சின்ன அன்னாசி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். கடையில் பயறு கேட்டால் அதில் பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் சேர்ப்பார்கள். கணவருக்கு ஆட்டுக்கறி மசாலே. ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் பெரிய பாத்திரங்களோடு கடற்கரைக்கும் காட்டுக்கும் போய் விறகு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும். நாத்தனார் மகளிடம் சொல்லி அப்படி ஒரு ஞாயிறைக் கேட்டு வாங்குங்கள். கோயில் விசேஷத்துக்கு யாராவது அழைத்தால் கட்டாயம் போங்கள். வாழையிலையில் ஏழு கறி, சைவம், கையால் சாப்பிடுவார்கள். பூசாரியை அங்கும் பூசாரி என்றுதான் சொல்கிறார்கள். கடலூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி அங்கே உயிரோடு இருக்கிறது.

போகுமுன் இரண்டு விஷயம். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், செலாவணி யூரோ. ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. ஆகவே விசா கேட்கும்போதே ரீயூனியனுக்கு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பால்கோவா, நெய், இறைச்சி, செடி, விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

கொள்ளுத் தாத்தாவின் தம்பிக்கு வருகிறேன். 1848 டிசம்பர் 20-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அந்த ஆண்டு வரை தீவுக்குப் பூர்போன் என்று பெயர். நம் ஊர் மக்கள் வாயில் அது பிறகும் பூர்போனாகவே இருந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமென்று புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். பிரிட்டிஷ் இந்திய அரசு 1882-இல் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. உங்கள் பாட்டி சொன்ன கதை வெறும் கதையல்ல. அவர் போன காலத்தைக் கணக்கிட்டு, பொருந்துகிறதா என்று பாருங்கள். தீவின் தலைநகரான சேன்-தெனியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் இருக்கின்றன. தகப்பன் பெயர், ஊர்ப்பெயர், ஏறத்தாழ வயது, இந்த மூன்றையும் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்: ராமசாமி ரமசமியாகவும், வீராசாமி விரசமியாகவும் இருப்பார்கள். தமிழில் எழுதி, பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்தப் பெயரை நான்கைந்து விதமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பகத்துக்கு வேலை நாளில் போங்கள், நாத்தனார் மகளையும் கூட்டிக்கொண்டு.