ஓட்டத்துக்கு மார்க் கிடையாது, தம்பி

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன், வயது 20. பி.எஸ்.எஃப்.பில் (எல்லைப் பாதுகாப்புப் படை) சேர ஆசை. ஆறு மாதமாகத் தினமும் தார்ரோட்டில் 5 கி.மீ. ஓடுகிறேன். இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது. மூன்று லட்சம் கொடுத்தால் இன்டர்வியூவில் பார்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். அப்பா மாந்தோப்பை அடகு வைக்க யோசிக்கிறார். என்ன செய்யட்டும்? – வாசகர், ஊத்தங்கரை.

பதில்: தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பி.எஸ்.எஃப். போன்ற படைகளுக்கு ஆள் எடுக்க எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் கான்ஸ்டபிள் ஜி.டி. (பொதுப்பணி) தேர்வில் இன்டர்வியூவே கிடையாது. இல்லாத இன்டர்வியூவுக்குப் பணம் கேட்கிறவரிடம் இனிப் பேச்சே வேண்டாம்.

ஓட்டத்துக்கும் மார்க் இல்லை. 5 கி.மீ.யை 24 நிமிடத்தில் முடித்தால் பாஸ், அவ்வளவுதான். 19 நிமிடத்தில் வந்தவருக்கும் அதே பாஸ். பட்டியலில் உங்களை மேலே ஏற்றுவது கம்ப்யூட்டர் தேர்வு. ரீசனிங், பொது அறிவு, கணக்கு, ஆங்கிலம் அல்லது இந்தி என்று 80 கேள்வி, 160 மார்க், 60 நிமிடம். ஒரு கேள்விக்கு 45 விநாடிதான். மொழிப் பகுதி தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். சரியான விடைக்கு 2 மார்க், தவறுக்கு 0.25 கழியும். எட்டு தவறு சேர்ந்தால்தான் ஒரு சரியான விடையின் மார்க் போகும். அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள். சதவீதம், விகிதம், தனிவட்டி, வேலை–நாள் கணக்குகளைக் கடிகாரம் வைத்துத் தினமும் போடுங்கள்.

இனி கால். இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால் அது எலும்பில் கீறலாக இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பார்த்த பிறகே அடுத்த அடி. வலி போனபின் ஏரிக்கரை போன்ற மண்தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி கணக்கு. முதல் ரவுண்டை 1:35-க்குப் பாய்ந்து முடிப்பவர்கள்தான் எட்டாவது ரவுண்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

பல மாத உழைப்பு மெடிக்கலில் வீணாவதைப் பார்க்கவே மனசு கேட்காது. அதனால் இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். காலை நனைத்து சிமென்ட் தரையில் வையுங்கள். நடுப்பாதம் முழுக்கப் பதிந்தால் தட்டைப்பாதமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு கண் 6/6, மற்றது 6/9 இருக்க வேண்டும். நிறக்குருடும் பார்ப்பார்கள். காது அழுக்கை மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். உயரம் 170 செ.மீ.; சித்தேரி மலையாளிகள் போன்ற பழங்குடியினருக்கு 162.5. மார்பு 80 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் இடறுவது சான்றிதழில்தான். எம்.பி.சி. என்று தமிழக அரசு தந்த சாதிச் சான்று இங்கே செல்லாது. இ-சேவை மையத்தில் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்குங்கள். அது இருந்தால்தான் 18–23 என்ற வயது வரம்பில் மூன்று ஆண்டு சலுகை. பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

விண்ணப்பத்தில் படைகளின் விருப்ப வரிசை கேட்பார்கள். பாகிஸ்தான், வங்கதேச எல்லை பி.எஸ்.எஃப்.; நேபாளம், பூடான் எஸ்.எஸ்.பி.; சீன எல்லை ஐ.டி.பி.பி. நிரப்பும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பிறகு மாற்ற விடமாட்டார்கள்.