அரியலூர் மாவட்டத்தில் பார்க்க வேண்டியவை எவை, அந்த மண்ணோடு தொடர்புடையவர்கள் யார்?

முதலில் கங்கைகொண்ட சோழபுரம்தான். முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய தலைநகரம். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். வடக்கு வாசல் படிக்கட்டருகே தன் அடியாரான சண்டேசருக்குச் சிவன் பரிவட்டம் கட்டும் சிற்பத்தை நின்று பாருங்கள். எதிரே ஞான சரஸ்வதி. மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெயிலில் கல்தளம் காலைச் சுடும். காலையிலேயே போய்விடுவது நல்லது. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியை இன்று பொன்னேரி என்கிறார்கள்.

திருமானூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் தங்கித் தமிழ்ப்பணி செய்த ஊர், அடைக்கல மாதா ஆலயம் இருக்கிறது. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் ஏரி வற்றினால் ஏமாற்றம்தான்.

அரியலூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட் ஆலைகளை இழுத்து வந்தது. தொல்லுயிர்ப் படிமங்களைப் பார்க்க வாரணவாசி அருங்காட்சியகம் போதும். பலர் குழப்பிக்கொள்ளும் சாத்தனூர் கல்மரம் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

1956 நவம்பர் 23இல் அரியலூரின் மருதையாற்றுப் பாலத்தருகே நடந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார்.